நெருக்கமான மரை

1938, ஐப்பசி 20, இரவு.

ஏரி மதகுப் பலகையைத் தூக்க, மரை, அதாவது திருகின் புரி, நெருக்கமாக ஓடும் தண்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான். மரை அகலமானால் பலகை சீக்கிரம் ஏறும். ஆனால் கையை விட்டால் தன் பாரத்திலேயே இறங்கிவிடும். ஊர்ப் பெரியதனக்காரர் மாரியப்பன் தண்டைப் பொருத்திய அன்று சிரித்தார்: "இது ஏறி முடியறதுக்குள்ள ரெண்டு தரம் வெத்தல போட்டுடலாங்க, மேஸ்திரி."

இன்று மழையில் ஏரி தளும்பியது. அளவாகத் திறந்தால்தான் கரையும் நிற்கும், கீழே நெல்லும் பிழைக்கும். பலகையைப் பாதியில் நிறுத்தினேன். மாரியப்பன் ஓடிவந்து கைச்சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"வுட்டா பலக எறங்கிடுங்க!"

"கைய எடுங்க" என்றேன்.

எடுத்தார். பலகை ஒரு நூல்கூட இறங்கவில்லை.

மடியை அவிழ்த்து நிதானமாக வெற்றிலை போட்டேன். அவருக்கும் நீட்டினேன். வாங்கிப் போட்டுக்கொண்டார்.

வெளியே இன்னும் கொட்டுகிறது. கொட்டட்டும்.