பிச்சிக் கொடிக்கு ஊற்றிய தண்ணீர்

தூத்துக்குடி,
சர்வஜித்து வருஷம், மார்கழி மாதம் 4-ந் தேதி.

கொச்சியில் குடியிருக்கும் என் பிரியமுள்ள தங்கை சௌபாக்கியவதி செண்பகத்துக்கு, முத்துக்கனி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும், நீ அண்ணாச்சி என்று கூப்பிடும் என் வீட்டுக்காரரும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் தம்பி செந்தில்வேலும் எந்த நோய்நொடியும் இல்லாமல் இருக்கத் திருச்செந்தூரானை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. கடையில் வேலை, மழை, தபாலாபீசுக்குப் போக ஆள் இல்லை என்றெல்லாம் எழுதலாம். எல்லாம் பொய். நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த வருஷம் மழை பரவாயில்லை. ரேஷன் அரிசியில் கல் குறையவில்லை. எதிர்வீட்டு ஜீவமணி கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கிறாள். சுண்ணாம்பில் பாதி எங்கள் படியில்தான் கிடக்கிறது. உன்னை ரொம்பக் கேட்டாள். நீங்கள் காலி செய்துபோன பக்கத்து வீட்டுக்கு ஒரு உப்பளக் கணக்குப்பிள்ளை வந்திருக்கிறார். அந்த அம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, என் பிச்சிப் பந்தலைப் பார்த்து, என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்டாள். பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பாள்.

உன் கடிதத்தை என் வீட்டுக்காரர் அவர்கள்தான் எங்கள் கடையில் வாங்கி, மத்தியானம் சாப்பிட வந்தபோது சத்தமாக வாசித்தார்கள். உன் நாத்தனார் இசக்கித்தாய்க்குத் தை பதினைந்தில் ஆத்தூரில் கல்யாணம் என்றதும் எனக்குச் சந்தோஷம். அதற்குப் பிறகு எழுதியிருந்தாயே, பாலிகை தெளிக்கிற ஐந்து பேரில் நீ நிற்க வேண்டாம், அடுக்களையைப் பார்த்துக்கொள் என்று உன் மாமியார் சொல்லிவிட்டதாக. நவதானியத்தைப் பாலில் ஊறப்போட்டுச் சட்டியில் தெளிக்கிற முதல் கை, மூத்த மருமகள் கையல்லவா? அந்த அம்மாளைக் கோபித்துக்கொண்டாவது எழுதியிருக்கலாம் நீ. "அத்தை சொல்வதில் தப்பில்லை அக்கா, என் கை அப்படி. உங்களைப் போலக் கைராசி யாருக்கு உண்டு? நீங்கள் வந்து எனக்குப் பதிலாகத் தெளித்துத் தர வேண்டும்" என்று எழுதியிருந்தாய். கொச்சி வீட்டில் ஒரு துளசிகூட வைக்கவில்லை, வைத்தால் பட்டுப்போகும் என்று பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய்.

அவர்கள் வாசித்து முடித்து, "பாத்தியா, உன் கைராசி ஆத்தூரு வரைக்கும் எட்டிட்டு" என்று சிரித்தார்கள். நான் என் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

செண்பகம், உன் கையில் ஒரு குறையும் இல்லை. என் கையில் ஒரு ராசியும் இல்லை. என் பிச்சிப் பந்தல் தழைத்தது தெருக்குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரால். உன் கொடி மூன்றும் கருகியது கிணற்றுத் தண்ணீரால். இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் உனக்குச் சொல்லாமல் இருந்தேன்.

நீ ஆற்றங்கரையில் பிறந்தவள். உங்கள் ஊரில் வெற்றிலைக் கொடிக்கும் நெல்லுக்கும் வாய்க்காலில் எது வருகிறதோ அதுதான் தண்ணீர். இந்தக் கடற்கரைக் கிணற்றில் துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம், முருங்கைக்கும் அரளிக்கும் ஊற்றலாம், அதுகள் தாங்கும். பிச்சி தாங்காது. செம்மணல் தேரிக்காட்டில் பிறந்த எனக்குத் தண்ணீரை நாக்கில் வைத்தாலே அதன் உப்பு தெரிந்துவிடும். நீ அதே தண்ணீரைத்தான் இறைத்து இறைத்து ஊற்றினாய். செம்மண், ஆட்டுப்புழுக்கை, அரிசி கழுவிய தண்ணீர், மூன்று கணு விட்டுக் குச்சி நறுக்குவது என்று ஒன்று விடாமல் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். நீயும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அப்படியே செய்தாய். அந்த ஒன்றை மட்டும் மறைத்தேன்.

குழாயில் தண்ணீர் வருவதே இரண்டு மணி நேரம். வீட்டுக்கு இத்தனை குடம் என்று வரிசை போட்டு நிற்கிற தெருவில், குடிக்க என்று சொல்லிப் பிடித்த தண்ணீரில் தினம் இரண்டு குடத்தைச் செடிக்கு ஊற்றுகிறேன் என்று தெரிந்தால் என் முகத்தில் காறித் துப்பியிருப்பார்கள். அந்தப் பயத்தில் சொல்லவில்லை என்று எழுதிய கடிதங்களைத்தான் நாலு தடவையும் கிழித்தேன். பயம் இருந்தது உண்மை. ஆனால் உன்னிடம் சொன்னால் நீ வெளியே சொல்ல மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும்.

சொல்கிறேன். நீங்கள் குடிவந்த வருஷம் ஐப்பசியில் நாலு தொட்டியில் செவ்வந்தி வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அடைமழைத் தண்ணீரில் அது ஆளுயரத்துக்கு வராத குறைதான். பூ ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கார்த்திகை வெள்ளிக்கிழமை அம்மன் கோவிலுக்குப் பூ கேட்டு ஆள் வந்தபோது, ஏழு வருஷமாக என் வாசலில் நின்றவன் என் வாசலைத் தாண்டி உன் வாசலுக்குப் போனான். முத்துக்கனி வீட்டுப் பூவை இது தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று ஜீவமணி என் காதுபடச் சொன்னாள். நீ ஓடி வந்து முதல் பூவை எனக்குத்தான் கொடுத்தாய். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். வயிறு எரிந்தது.

எனக்கும் வயசாகிறது, கடை வீட்டுக்காரருடையது, வீடு மாமனாருடையது. என்னுடையது என்று தெரு சொல்வது அந்தப் பந்தல் ஒன்றுதான். இருபத்திரண்டு வயசுப் பெண் வந்து அதையும் எடுத்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். வெட்கங்கெட்ட நினைப்பு. ஆனாலும் நினைத்தேன்.

மாசியில் நீ பிச்சிக் குச்சி கேட்டபோது நல்ல குச்சியாகப் பார்த்துத்தான் கொடுத்தேன். பங்குனியில் ஓரம் கருகின இலை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாய். மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது அக்கா, அது என்ன என்று கேட்டாய். அது உப்பு. நான் என்ன சொன்னேன்? "வெயிலு கொளுத்துதுல்லா, அதான். ஏளா, கிணத்துத் தண்ணியே போதும், இன்னும் ரெண்டு வாளி சேத்து ஊத்து."

சேர்த்து ஊற்றினாய். பட்டது. இரண்டாவது குச்சி கேட்டாய், கொடுத்தேன். மூன்றாவதும் கொடுத்தேன்.

ஆனியில் உன் மாமியார் வந்திருந்தபோது, காய்ந்த குச்சியைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்து, "இவ கை பட்டா பச்சையும் கருகுது, பொறகு வயித்துல எங்கன தங்கும்?" என்று சொன்னதை நீ யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றேன். முழுக்கக் கேட்டேன். அம்மா, அது பிள்ளையின் கை இல்லை, தண்ணீர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் இரண்டு முழம் பிச்சிப்பூ கட்டிக் கொடுத்துவிட்டேன். நீ அழுத கண்ணோடு வாங்கி, நீங்கள் என் அம்மா மாதிரி என்றாய். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. பிள்ளைக்காக ஆறு வருஷமாக நீ கோவில் கோவிலாகப் போவது தெரிந்தவள் நான்.

அதனால் இப்போது சொல்வதைக் கேள். கொச்சியில் காயல் பக்கமிருந்தால் கிணறு அங்கேயும் உப்பாக இருக்கலாம். நாக்கில் வைத்துப் பார். கரித்தால் செடிக்கு வேண்டாம். அங்கே மழை அதிகம் என்கிறார்கள்; தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், ஒரு முழம் மேடு கட்டி அதில் வை. முதலில் துளசி வை. இந்த வாரமே வை. அது பிடித்துவிட்டது என்று கண்ணால் பார்த்துவிட்டு ஆத்தூருக்குப் புறப்படு.

இதைப் படித்தவுடன் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். யாருக்கும் காட்டாமல் பெட்டிக்கு அடியில் வைப்பாய். அக்கா மானம் போகக் கூடாது என்று நினைப்பாய். அதனால் உன் மாமியாருக்கு நேற்றே தனியாக எழுதிப் போட்டுவிட்டேன். இதில் உள்ளதெல்லாம் அதிலும் உண்டு, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டது உட்பட. இனி அதை என்னாலும் திரும்ப வாங்க முடியாது, உன்னாலும் முடியாது. இந்தக் கடிதத்தை ஒட்டாமல் உன் அண்ணாச்சி கையில் கொடுத்துத்தான் தபாலில் போடச் சொல்லப் போகிறேன். வாசிக்கட்டும். குழாய்த் தண்ணீரைப் பற்றித் தெருவுக்கு நானே சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் இன்னும் தைரியம் வரவில்லை. ஜீவமணியிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். அவளிடம் சொன்னால் மற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்காது.

கல்யாணத்துக்கு நான் வர வேண்டுமா என்பதை நீ சொல். வேண்டாம் என்றால் வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை. வா என்று நீ எழுதினால் வந்து கூட்டத்தோடு நிற்கிறேன். தானியத்தைத் தொட மாட்டேன். உன் மாமியார் மனசு மாறினாலும் மாறாவிட்டாலும் நீ ஒதுங்கி அடுக்களைக்குப் போகாதே, அம்மா. முன்னால் வந்து நின்று கை நிறைய அள்ளித் தெளி. உன் கைக்கு முளைக்காதது ஒன்றும் கிடையாது. நீ வயிறு குளிர்ந்து, தலைமுறை தழைத்து வாழ வேண்டும். என் வாய் வாழ்த்துவது பலிக்குமோ என்னவோ, ஆனாலும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
முத்துக்கனி.

வழக்கமாகப் பெயருக்கு முன்னால் "உன் அக்கா" என்று எழுதுவேன். இந்தத் தடவை நானாக எழுதிக்கொள்ளத் துணியவில்லை. உனக்குப் பதில் போட மனம் வந்தால், என்னை என்னவென்று கூப்பிட வேண்டும் என்று நீயே பார்த்து எழுது.