மன்னவனூரில் சாத்திய கதவு

மதினி,

இன்று காலை எதிர்வீட்டுப் பிள்ளையை ஏற்றிக்கொண்ட பள்ளி வேனின் கதவு சர்ரென்று சறுக்கி டக்கென்று சாத்திக்கொண்டது. வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு இப்படித்தான் ஆகிறது. வெயில் ஏறிய வத்தலக்குண்டுத் தெருவில், மூக்கில் மட்டும் மன்னவனூர்ப் பனியின் ஈர வாடை வந்து நிற்கும். நீங்கள் போய் இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. சொல்லாமல் வைத்திருந்ததை எழுதியாவது வைக்கிறேன்.

மேலே போக ஆசைப்பட்டது நீங்கள்தான். "அடிவாரத்துலயே அறுவது வருசம் கெடந்துட்டேன். சரணாலயத்துக் காட்ட ஒரு தடவ பாக்காமப் போனா எமதருமன் என்னப் பாத்துச் சிரிப்பான்டி" என்பீர்கள். யாரோ படுத்த லாட்ஜ் மெத்தையில் படுக்க மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து வந்தார். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. இருபது வருடம் வேன் ஓட்டியவர், இதையும் அவரே ஓட்டினார்.

வண்டியில் ஏறியதும் அடுப்புக்கு மேலே முருகன் படத்தை மாட்டி விபூதி வைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன், கக்கூஸ் கதவு அங்கிருந்து இரண்டடி தூரத்தில். அதைப் பூட்டி, முன்னால் அரிசி மூட்டையைச் சாத்தினேன். "சோறாக்குற எடத்துல, சாமிக்கு முன்னால அது ஆகாது மதினி" என்றேன்.

"அப்ப சாமி உள்ள இருக்கட்டும், நாம சொம்பத் தூக்கிட்டுக் காட்டுக்குப் போவோம்" என்று சிரித்தீர்கள். எனக்கு மூத்தவர், ஆனாலும் சாமி காரியத்தில் என் பேச்சைத் தட்டியதில்லை. அன்றாவது தட்டியிருக்கலாம்.

மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் எனக்கு உயிர் போய் வந்தது. பின்பக்கம் பாதாளத்துக்கு மேலே தொங்குகிற மாதிரி இருந்தது. கண்ணை மூடினால் தலை சுற்றுகிறது, திறந்தால் பள்ளம் தெரிகிறது. என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "கீழ பாக்காத. என் மூஞ்சியப் பாரு. அது இத விடக் கோரமாத்தான் இருக்கும்" என்றீர்கள். கொடைக்கானல் தாண்டி, பூம்பாறை தாண்டி, மன்னவனூர் வரைக்கும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.

கேரட் போட்டிருந்த ஒருவர் தன் தோட்டத்து ஓரத்தில் வண்டியை நிறுத்த இடம் கொடுத்தார். மறுநாள் வனத்துறை அனுமதியோடு காட்டுக்குள் போவதாகத் திட்டம். போகும்போது அவர், "காட்டுமாடு சுத்துதுங்க. நல்லா வெளிச்சம் வந்தப்புறம் எறங்குங்க. திங்கிற சாமான் எதையும் வெளிய வச்சுராதீங்க" என்றார். நான் தலையாட்டி, வெங்காயத் தோலைக்கூட உள்ளே எடுத்து வைத்தேன்.

ஆனால் தொட்டித் தண்ணீருக்கு நான் கணக்கு வைத்திருந்தேன். எத்தனை குடம் பிடித்தது, எத்தனை சொம்பு செலவு என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். மறுநாள் வெள்ளனே எழுந்து அரிசி களைந்தபோது அந்தக் கழனித்தண்ணியைக் கொட்ட மனம் வரவில்லை. வீட்டில் என்றால் பால்காரம்மாவின் மாடு வாசலுக்கே வந்து குடித்துவிட்டுப் போகும். இங்கேயும் சாயங்காலம் மேட்டில் நாலைந்து மாடு மேய்ந்ததைப் பார்த்திருந்தேன். முந்தின நாள் கஞ்சியும் ஒரு கை கல்லுப்பும் போட்டுக் கலக்கி, பிளாஸ்டிக் பேசினோடு பின்சக்கரத்தின் பக்கத்தில் வைத்தேன். அது திங்கிற சாமான் என்று எனக்குத் தோன்றவே இல்லை, மதினி. வாயில்லா ஜீவன் குடிக்கட்டும் என்றுதான் வைத்தேன்.

"வெரசா வந்துர்றேன்" என்று சொம்போடு இறங்கினீர்கள். பத்தடியில் பனி உங்களை மறைத்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பேசின் தண்ணியை உறிஞ்சும் சத்தம். மாடு வந்துவிட்டது என்று சந்தோஷமாகத் தலையை நீட்டினேன். வண்டி ஜன்னல் உயரத்துக்கு ஒரு கருப்பு முதுகு. முழங்காலுக்குக் கீழே வெள்ளை. மூக்கிலிருந்து புகை புகையாக மூச்சு. அந்த நேரம் பார்த்துப் பனிக்குள்ளிருந்து நீங்கள் வந்தீர்கள். கதவுக்கும் உங்களுக்கும் ஏழெட்டு அடி இருக்கும். அது தலையைத் தூக்கி உங்கள் பக்கம் திருப்பியது.

நீங்கள் என்னைப் பார்த்து ஒரு எட்டு வைத்தீர்கள். சொம்பில்லாத கையை நீட்டினீர்கள்.

நான் கதவைச் சர்ரென்று இழுத்துச் சாத்தினேன். கொண்டியும் போட்டேன்.

வண்டி ஒருமுறை குலுங்கியது. தகரத்தில் கொம்பு உரசுகிற சத்தம். உங்கள் தம்பி தூக்கத்திலிருந்து எழுந்து, "அக்கா எங்கடி?" என்றார். கதவுப் பக்கம் போனவரின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "முருகா"கூட வாயில் வரவில்லை. வெளியே பேசின் உருண்டது. குளம்புச் சத்தம் தடதடவென்று ஓடித் தேய்ந்தது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம்தான் இன்றுவரை என் நெஞ்சில் கிடக்கிறது. நீங்கள் செத்துவிட்டீர்கள் என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

கதவில் சொம்பால் தட்டினீர்கள். "அடியே, நாந்தான். காட்டுமாடு கதவத் தட்டிட்டா வரும்?"

வாய்க்காலில் விழுந்து படுத்துத் தப்பியிருக்கிறீர்கள். சேலையெல்லாம் சேறு, முழங்கையில் ரத்தம். உங்கள் தம்பி என் பக்கம் திரும்பி, "ஏன் கதவச் சாத்துன?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: "ஏலே, நாந்தான் சாத்தச் சொல்லிக் கத்துனேன். அது எம்பின்னாலயே உள்ள பூந்திருந்தா உன்னையும் சேத்துல்ல மிதிச்சிருக்கும்!"

நீங்கள் கத்தவே இல்லை, மதினி.

அன்று காட்டுக்குள் வண்டி போனபோது நீங்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு மரத்தையும் பார்த்தீர்கள். நான் உங்கள் முழங்கையில் சுற்றிய துணியையே பார்த்தேன். மத்தியானம் அரிசி மூட்டையை நகர்த்தி, கக்கூஸ் பூட்டைத் திறந்து வைத்தேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை.

பின்னால் நீங்கள் சீக்கில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தீர்களே, அங்கே கடைசியாக நாம் தனியாக இருந்தபோது, "மதினி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். கையசைத்து நிறுத்திவிட்டீர்கள். "எனக்குக் கால் ஓடல, உனக்குக் கை ஓடிருச்சு. விடுடி."

உங்கள் பதினாறாம் நாளில் சொந்தக்காரர்கள் மறுபடி அந்தக் கதையைச் சொன்னார்கள். தன் உயிர் போனாலும் பரவாயில்லை, கதவைச் சாத்து என்று கத்தினாளே என்று அழுதார்கள். நானும் தலையாட்டினேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று மத்தியானம் உங்கள் தம்பியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் தட்டு கழுவியதில்லை.

நீங்கள் மன்னித்துவிட்டீர்கள். அவரும் ஒருநாள் மன்னிப்பார். என் பயம் அதற்கு அப்பால் இருக்கிறது. என்னைக் கேட்காமல் ஓடிய அந்தக் கை என்னிடமே இருக்கிறது. அந்தக் கையால்தான் விளக்கேற்றுகிறேன், அவருக்குச் சோறு போடுகிறேன். கும்பிடும்போது அதைப் பார்க்கிறேன். நாளைக்கு அவரே வெளியே நின்று கையை நீட்டினால் அது கதவை எந்தப் பக்கம் தள்ளும் என்று எனக்குத் தெரியவில்லை, மதினி.