பாண்காரன் ஹோர்ன்

ஜெயபுரம்,
12.10.1997

அன்புள்ள மகள் பிரேமிளாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் கொம்மாவும் தங்கச்சி சுமித்திராவும் பிள்ளையார் விட்ட வழியில் உயிரும் உடலுமாக இருக்கிறோம், நீயும் அந்தக் கனடாக் குளிரில் காதைப் பொத்திக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் எங்கெல்லாமோ சுற்றி முந்தநாள்தான் கைக்கு வந்தது. கொம்மா உரத்து வாசிக்கச் சொன்னா, நான் பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன், மிச்சத்தைத் தங்கச்சிதான் வாசித்தாள். கல்லூரிப் படிப்போடு பயிற்சி என்று பின்னேரங்களில் அகதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாய் என்று போன கடிதத்தில் எழுதியபோது எங்களுக்கு எவ்வளவு புழுகம் தெரியுமா, கொம்மா கிணற்றடியில் கண்டவர் எல்லோருக்கும் சொன்னா. இப்போது இப்படி எழுதியிருக்கிறாய். ஏதோ விழாவுக்கு விமானங்கள் தாழப் பறந்ததும் பக்கத்தில் இருந்த சோமாலியாப் பிள்ளையின் தலையையும் அமுக்கிக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டாய், பெரிய பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அதற்குப் பிறகு காய்ச்சல் என்று சொல்லி நீ அங்கே போகவில்லை, பயிற்சியையே விட்டுவிடப் போகிறாய் என்று. அதைக் கேட்டதும் கொம்மா, பிள்ளைக்கு ஆரோ கண்ணூறு பட்டிட்டுது எண்டு சொல்லித் திருநீறு மடிக்கத் தொடங்கிவிட்டா. இந்தக் கடிதத்துக்குள் இருக்கும் பொட்டலம் அதுதான், கொட்டிவிடாமல் பிரி.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை, ஏன் என்று சொல்கிறேன். இங்கே ஒரு காரியம் நடந்தது. அதை அக்காவுக்கு மட்டும் எழுதிப்போடாதே என்று தங்கச்சியிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தேன். இப்போது நானே எழுதவேண்டி வந்துவிட்டது.

தங்கச்சியும் உன்னைப் போலத்தான், ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர் பயிற்சி என்று அவளைச் சேர்த்து, பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிப்பிக்க விட்டிருக்கிறார்கள். எங்களைப் போலக் கிளிநொச்சியால் இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளும், இந்த ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து பாலைமரத்துக்குக் கீழே படிக்கிறார்கள். சம்பளமும் இல்லாமல் ஏன் தொண்டையைக் கிழிக்கிறாள் என்று முதலில் நான் முறுமுறுத்தது உண்மை. பிறகு பார்த்தால் கரும்பலகைக்குக் கரி அரைத்துக் கொடுத்தது நான், பென்சில் சீவிக் கொடுத்தது நான், பாய் இழைப்பித்துக் கொடுத்ததும் நான். ஒரே ஒரு குறை, நேரத்துக்குப் பிள்ளைகள் வருவதில்லை. மணிக்கூட்டுக்குப் பற்றரி கிடையாது, வெயிலைப் பார்த்து ஒன்று இப்போது வரும், ஒன்று முடிகிறபோது வரும். சரி, ஒரு மணி கட்டித் தருகிறேன் என்று பெரிய மனிதனாக வாய் விட்டேன். பதுங்குகுழிக்கு மேலே போட வெட்டிய தண்டவாளத்தில் ஒரு துண்டு மிஞ்சிக் கிடந்தது, அதைக் கம்பியால் பாலைமரத்தில் தூக்கிவிட்டேன். நல்ல கணீர் என்ற சத்தம்.

உனக்கு இப்போதே விளங்கியிருக்கும். கிளிநொச்சியில் குண்டு போடக் கிபிர் விமானம் வந்தால் சந்தியில் தொங்கிய தண்டவாளத்தைத்தானே அடிப்பார்கள். நான் கட்டும்போது அது என் மண்டையில் ஏறவே இல்லை. அடுத்த நாள் பின்னேரம் நான் மிளகாய்க் கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டு நிற்கிறேன், தங்கச்சி புது மணி என்ற சந்தோசத்தில் கணகணவென்று விடாமல் அடித்திருக்கிறாள். மண்வெட்டி எங்கே போனது, செருப்பு எங்கே போனது, எதுவும் தெரியாது. இடுப்பில் அவிழ்ந்த சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் எங்கள் கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடுகின்றன, எல்லாம் பதுங்குகுழிக்குள் விழுந்தன, அதுகளுக்கு மேலே நான் விழுந்தேன். படுங்கோ, படுங்கோ, வாயைத் திறந்துகொண்டு படுங்கோ எண்டு கத்துறன். கொஞ்ச நேரத்தில் இன்னும் ஒருத்தி வந்து என் முதுகில் விழுந்தாள். பார்த்தால் உன் தங்கச்சி, கையில் மணி அடித்த கோலோடு. அடித்தவளே எல்லோரும் ஓடுவதைக் கண்டு உண்மையாகவே கிபிர் வந்துவிட்டது என்று ஓடி வந்திருக்கிறாள். மேலே எட்டிப் பார்த்தால் வானம் வெறுமையாகக் கிடக்கிறது, ஊர்ப் பிள்ளைகள் குழியைச் சுற்றி நின்று எங்களைப் பார்க்கிறார்கள். இந்த ஊரில் மணி என்றால் பள்ளிக்கூட மணிதான், அதுகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டது. பிறகு சிரிப்புத்தான்.

எங்களுக்குக் குடியிருக்கக் காணி தந்த சின்னராசாவின் பிள்ளைகள்தான் மோசம். அதுகளில் குற்றம் சொல்லவும் முடியாது, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கலவரத்தில் அடிபட்டு இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம், தாய் தகப்பன் தங்கமான ஆட்கள், ஆனால் பிள்ளைகள் பிள்ளைகள்தானே. ஒருவன் கோப்பையில் தட்டுவான், மற்றவன் குப்புற விழுந்து படுங்கோ படுங்கோ எண்டு என் குரலிலேயே கத்துவான். எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தண்டவாளத்தைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் எறிந்துவிட்டேன். அதோடு நான் வகுப்புப் பக்கம் போகவே இல்லை. தலை நரைத்த மனிதன், நாலு பேர் மதிக்கிற மனிதன், சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியதை ஊரே பார்த்துவிட்டது. கொம்மா, வாங்கோவன் பிள்ளைக்குக் கரி அரைச்சுக் குடுக்க எண்டு கூப்பிட்டா, நாரி நோகுது, இடுப்பு நிமிர்த்த ஏலாது எண்டு படுத்துவிட்டேன். நீ காய்ச்சல் என்றாய், நான் நாரி என்றேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் வெட்கத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் வகுப்புக்கு வராமல் விட்டுவிட்டன. அடுத்த கொட்டிலில் கமலேஸ்வரி இருக்கிறா, புருசனைக் கிளிநொச்சியிலேயே பறிகொடுத்தவ, அவவின் மகள் யதுர்ஷிகா புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்கிற கெட்டிக்காரி. குழிக்குள் அவள் ஊர்ப் பிள்ளை ஒன்றையும் இழுத்துக்கொண்டு வந்து தன் வயிற்றுக்குள் அணைத்து வைத்திருந்தாள். அந்தப் பிள்ளைதான் வெளியில் வந்து எல்லோரையும் விடக் கூடச் சிரித்ததாம். அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் வரவில்லை, தங்கச்சி போய்க் கூப்பிட்டால் வயிற்றுக்குத்து என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். பிள்ளைகள் இப்படிக் குறைந்தால் வகுப்பை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று நிறுவனத்துக்காரர் சொல்லிவிட்டார்கள். தங்கச்சி கொட்டில் கொட்டிலாகப் போய்க் கூப்பிட்டுக் காலும் தேய்ந்து குரலும் போய் வந்து நிற்பாள். ஒரு நாள் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதாள். அந்த மணியை நீங்கள்தானே கட்டினீர்கள் என்று அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், அவள் சொல்லவில்லை.

வேறு என்ன சத்தத்தில் கூப்பிடலாம் என்று நான் படுத்துக்கொண்டே யோசித்தேன். விசில் என்றால் அதுவும் விமானத்துக்கு ஊதுகிற விசில்தான். சங்கு என்றால் செத்தவீடு. பறையும் அப்படித்தான். ஒரு சத்தம் மிச்சம் இல்லை மகள், எதைக் கேட்டாலும் ஆருக்கோ ஒரு கெட்ட நினைவு இருக்கிறது. சின்னராசாவிடம் இதைச் சொன்னேன். அவர் முந்தி பேக்கரியில் பாண் எடுத்துச் சைக்கிளில் ஊர் ஊராக விற்றவர். கொட்டிலுக்குள் போய்ப் பெட்டிக்குள் கிடந்த பாண்காரன் ஹோர்னை எடுத்து வந்து தந்தார், அதுதான் அந்த றப்பர்க் குமிழ் வைத்தது, அமத்தினால் பாம் பாம் என்னும். ஐயா, இத அமுக்கிப் பாருங்க, யாரும் பயந்து ஓட மாட்டாங்க எண்டு சொன்னார்.

பயந்து ஓடவில்லைத்தான். அன்றைக்குப் பின்னேரம் பாலைமரத்துக்குக் கீழே நின்று அமத்தினேன். இரண்டாம் தரம் அமத்துவதற்குள் ஒழுங்கை முழுக்கச் சனம். கோதுமை மா வராமல் பாண் கண்டு எவ்வளவு காலம், அதை நானும் மறந்துபோனேன், சின்னராசாவும் மறந்துபோனார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கோப்பையோடு வருகின்றன, ஊர்ப் பிள்ளைகள் தாயின் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகின்றன. சின்னராசாவின் மனைவி சிவலட்சுமி, அந்த ஹோர்ன் வீட்டில் கிடந்தது தெரிந்த மனுசி, அவவும் கையில் சில்லறையோடு மூச்சு வாங்கி வந்து எத்தன பாண் இருக்குங்க எண்டு கேட்டா. எல்லோருக்கும் முன்னால் நிற்பது என்னைப் போலக் கத்திக் காட்டிய அந்தப் பொடியன்கள்தான். ஓரமாகத் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு யதுர்ஷிகா. பாண் இல்லைப் பிள்ளையள், வகுப்புக்குத்தான் ஊதினனான் எண்டு சொன்னேன். நீட்டிய கோப்பைகள் ஒவ்வொன்றாய்த் தாழ்ந்தன. அந்த முகங்களைப் பார்க்க எனக்குக் குழிக்குள் கிடந்ததை விட வெட்கமாக இருந்தது. அப்போது யதுர்ஷிகா அந்தப் பொடியன்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெல்லமாகக் கேட்டாள், இப்ப ஆர் ஓடினது எண்டு.

முதலில் சிவலட்சுமி சிரித்தா. பிறகு கமலேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா, அந்த மனுசி சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு பொடியன்களும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வந்த பிள்ளைகள் வந்த கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பாயில் இருந்துவிட்டன, தங்கச்சி கண்ணைத் துடைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினாள். கொம்மாதான் விடவில்லை, பிள்ளையளை ஏமாத்திப்போட்டியளே எண்டு என்னைத் திட்டித் திட்டி இருந்த பயற்றை அவித்து எல்லாக் கோப்பையிலும் ஒவ்வொரு பிடி போட்டா. இப்போது நாளும் ஹோர்ன்தான். பாண் இல்லை என்று தெரிந்தும் ஓடி வருகிறார்கள். என்னைக் கண்டால் அந்தப் பொடியன்கள், ஐயா இண்டைக்கு எத்தன றாத்தல் பாண் எண்டு கேட்கிறார்கள். நானும் ஒரு கணக்குச் சொல்லுகிறேன்.

மகள், நீ வெட்கப்பட வேண்டாம் என்று எழுத மாட்டேன், வெட்கம் வரத்தான் செய்யும், எனக்கும் வந்தது. ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே கடந்துபோயிருக்கிறாய். எல்லாரும் சிரித்தார்கள், அந்தச் சோமாலியாப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை, மேசைக்குக் கீழே என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது என்று. அது ஏன் சிரிக்கவில்லை என்று உனக்குத் தெரியும். நீ போகாத நாள் எல்லாம் அந்தப் பிள்ளை கதவைப் பார்த்துக்கொண்டு இருக்கும். காய்ச்சல் சுகமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போ. என் நாரியும் சுகமாகிவிட்டது.

எந்த மண்ணில் நின்றாலும் பிள்ளையார் உனக்கு முன்னுக்கு நடந்து வழிகாட்டுவார், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உன்னிடம் படிக்கிற பிள்ளைகளும் நல்லாய் இருக்கட்டும். கொம்மா உனக்கு ஆயிரம் முத்தம் எழுதச் சொல்லுகிறா. தலையை ஈரத்தோடு விட்டுவிட்டு வெளியில் போகாதே, இரவில் தேத்தண்ணியோடு மட்டும் படுக்காதே. இந்தக் கடிதத்தைக் கொண்டுபோக வவுனியாப் பக்கம் போகிற ஒருவர் வாசலில் நிற்கிறார், அதனால் நிறுத்துகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. ஏன் மேசைக்குக் கீழே போனாய் என்று அந்தப் பெரிய பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லு, எங்கட அப்பாவும் இப்பிடித்தான் ஓடினவர் எண்டு.

உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
க. சிவராசா