உள்ளங்கையில் எழுதிய ஐந்தெழுத்து

இன்று மதியம் சாப்பிடும்போது, ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண் அலைபேசியை என் முன்னால் நீட்டினாள். "அக்கா, அஞ்செழுத்து இங்கிலீஷ் வார்த்தைங்க. மொத மூணு வந்திருச்சு. எல், ஈ, ஏ. மிச்சம் ரெண்டும் என்னங்க?" தினம் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கும் அந்த விளையாட்டு; திரையில் சரியாக வந்த மூன்று கட்டங்கள் பச்சையாக இருந்தன. அப்படித் தொடங்கும் சொற்கள் எனக்கு ஏழெட்டாவது தெரியும். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, சோற்று டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

நீ இருந்திருந்தால் அவளுக்கு விடையைச் சொல்ல விட்டிருக்க மாட்டாய். யாராவது சொல்ல வாயெடுத்தாலே காதைப் பொத்திக்கொள்வாய். கேத்தியிலிருந்து குன்னூர் வருகிற பஸ்சிலேயே அன்றைய ஐந்து கட்டத்தையும் முடித்துவிட்டு, எத்தனை முயற்சியில் வந்தது என்று விரலைக் காட்டியபடியே ஆபீசுக்குள் நுழைவாய். பழைய தேயிலை ஏலப் பட்டியல்களின் பின்பக்கமெல்லாம் உன் எழுத்துகள். நடுவில் ஏ வருபவை, கடைசியில் ஆர் வருபவை. "நாலாவது வி வந்துட்டா, அஞ்சாவது பெரும்பாலும் ஈ-தான் அம்மிணி" என்பாய். நாம் இரண்டு பேரும் தமிழில் படித்தவர்கள். கடிதத்தில் ஒரு எழுத்து தவறினால் பழைய மேனேஜர் எல்லார் முன்னாலும் காகிதத்தை வீசுவார். ஒருநாள் நீ சொன்னாய்: "இத்தன வருசம் இங்கிலீஷ் நம்மளத் திட்டறதுக்குத்தான் இருந்துச்சு. இப்பத்தான் நாம அத வெச்சு வெளயாடறோம்."

போன வருடம் ஆபீஸ் மாடிப்படியில் நீ அடிக்கடி நின்று அலைபேசியைப் பார்க்க ஆரம்பித்தாய். சொல் தேடுகிறாய் என்று நினைத்து நான் முன்னால் போய்விடுவேன். மூச்சு வாங்கத்தான் நின்றிருக்கிறாய். அது தெரிய எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் நுரையீரல் இரண்டும் இறுகிப்போயிருந்தன.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டு உன்னை மெஷினில் போட்டார்கள். டாக்டர் உன் மகளிடம் பேசியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "இனி தேறாதுங்க. மெஷின எடுத்தா ஒரு நாள், ரெண்டு நாள். வெச்சிருந்தா இன்னுங் கொஞ்ச நாள் இருப்பாங்க. நீங்கதான் சொல்லோணும்." அவளுக்கு நீ ஒருத்திதான். "வெச்சே இருக்கட்டுங்க" என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பார்வை நேரத்தில் நீ என் கையை இழுத்து விரித்தாய். பேச முடியாத உன் விரல் என் உள்ளங்கையில் எல் போட்டது. பிறகு ஈ. பிறகு ஏ. எனக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. "லேர்ன்?" என்றேன். தலையசைத்து மறுத்தாய். நகம் பதிய ஒரு வி எழுதினாய். அதற்கு மேல் எழுதத் தேவையிருக்கவில்லை.

"லீவ்" என்றேன்.

கண்ணை மூடித் திறந்தாய். அந்த விரலைத் தூக்கித் தொண்டைக் குழாயைத் தொட்டுக் காட்டினாய்.

எனக்குப் புரிந்தது. புரியாமல் போயிருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் நான் சொன்னது இது: "லீவா? அதெல்லாம் மெடிக்கல் லீவ் எழுதிக் குடுத்தாச்சு புள்ள. ஆபீஸ நெனச்சு ஒடம்பக் கெடுத்துக்காத."

நீ என்னைப் பார்த்தாய். பிறகு கையை எடுத்துக்கொண்டாய்.

வெளியே உன் மகள் ஓடி வந்தாள். "அம்மா என்ன எழுதுனாங்க ஆன்ட்டி?"

"ஆபீஸ் லீவப் பத்திக் கேக்கறா கண்ணு."

அதன்பிறகு பதினோரு நாள் இருந்தாய். குழாயைப் பிடுங்கப் பார்த்தாய் என்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். நான் வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். பன்னிரண்டாம் நாள் காலை, கட்டு அவிழ்க்காமலேயே போய்விட்டாய்.

காரியம் முடிந்த அன்று கேத்தியில் உன் வீட்டு அடுப்படியில் உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"தெரியுங்க ஆன்ட்டி. அதுக்கு முந்தின நாளே என்ற கையிலயும் அதத்தான் எழுதுனாங்க."

தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"என்னால சொல்ல முடியல. நீங்களாச்சும் சொல்லுவீங்கன்னுதான் அன்னிக்குக் கேட்டேன். நீங்களும் ஆபீஸ் லீவுன்னுட்டீங்க. அப்பறம் எனக்குத் தைரியமே வரலீங்க."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவளும் நானும் இப்போது அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேசினாலும் அவள் வேலையைப் பற்றி, இங்கே பெய்யும் மழையைப் பற்றி.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் குழாயை எடுத்துவிட்டு உன்னைக் கேத்தி வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பார்களா, தெரியாது. வழியிலேயே மேட்டுப்பாளையத்தில் முடிந்திருக்கலாம். அது என் கையில் இல்லை. ஆனால் "புரியுது புள்ள" என்று உன்னிடம் சொல்வது என் கையில்தான் இருந்தது. அதைச் சொல்லாமல்தான் உன்னை அனுப்பினேன். அது இன்னும் என்னிடமே இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.