மூன்று சொல்லுக்கு ஒரு கோடு

அந்தப் புதன்கிழமை நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்: "உனக்கு மூச்சு முட்டுது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம், நானும் வரேன்."

இன்று ஓசூரில், நாம் பயிற்சிக்கு வந்த அதே பள்ளியில் உட்கார்ந்திருந்தேன். இப்போது இங்கேதான் எனக்கு வேலை. மதியம் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் சுவருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தன. பவித்ரா வாசித்தாள். நான் வழக்கம்போல் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவள் நிறுத்தும் இடங்களில் தாளில் கோடு போட்டேன். மூன்று சொல்லுக்கு ஒரு கோடு விழுந்தது. பாதியில் பேனா நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் வாசித்துக்கொண்டிருந்தது நீ.

எம்.எட். படிக்கும்போது வாசிப்புப் பயிற்சிக்காக ஆறு வாரம் இங்கே வந்தோமே, அப்போது பவித்ரா இரண்டாம் வகுப்பு. வீட்டில் கன்னடம் மட்டும்தான். நீ ஒரு வரி வாசிப்பாய், அவள் உன்னைத் தொடர்ந்து சொல்வாள், நான் குறிப்பேன். குழந்தையின் முகத்தைப் பார்த்தால் இரக்கத்தில் மதிப்பெண் கூடிவிடும் என்று, குறிப்பவள் திரும்பி உட்கார வேண்டும் என நாமே வைத்துக்கொண்டோம். "உன் மூஞ்சியப் பாத்தா அவளுக்கு வர்ற படிப்பும் வராதுடி, திரும்பியே உக்காரு" என்பாய்.

கை பழகிப்போய், உன் வரிகளுக்கும் சேர்த்தே கோடு போட்டிருக்கிறேன். கடைசி வாரச் செவ்வாய்க்கிழமை கல்லூரி நூலகத்தில் ஆறு வாரத் தாள்களையும் வரிசையாக வைத்தபோதுதான் தெரிந்தது. முதல் வாரம் உன் வரிகளின் முடிவில் மட்டும் கோடு. ஆறாவது வாரம் மூன்று சொல்லுக்கு ஒன்று.

மறுநாள் "இரைக்குதாடி?" என்று மட்டும் கேட்டேன்.

"மாடி ஏறுனா எங்க ஊரு யானைக்கும்தான் இரைக்கும்" என்றாய். நானும் சிரித்தேன். வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். நீ படுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் அது அடுத்த பருவத்துக்குப் போய்விடும். அதை நினைத்துத்தான் தாள்களை மடித்துப் பையில் வைத்தேன்.

இன்று திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் பவித்ரா மட்டும்தான் இருந்தாள்.

"எதுக்கும்மா நடுவுல நிறுத்துற?"

"அந்த மிஸ் நிறுத்துறாங்க."

"இந்தப் பாடத்த இன்னிக்குத்தான பாக்குற?"

"ஆமா." விரலை வரியிலிருந்து எடுக்கவில்லை. "அவங்க முன்னாடி சொல்றாங்க. நான் பின்னாடி சொல்றேன்."

மறுபடி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். அந்த நிறுத்தங்களைத் திருத்துவதுதான் என் வேலை. திருத்தவில்லை. கடைசி வரி வரைக்கும் கேட்டேன். பழைய ஆறு வாரத் தாள்களும் இன்னும் என் பையில்தான் இருக்கின்றன.

அறிக்கையை நாம் வெள்ளிக்கிழமை கொடுத்தோம். அன்று மாலை தளி வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினாய். உன் ஊர் ஜவளகிரியில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் உன்னை எழுப்பினார். நீ எழுந்திருக்கவில்லை.