இரண்டாவது சாவி

அன்புள்ள தம்பி சின்னவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? உன் போன் நம்பர் மாறிவிட்டது போலிருக்கிறது. எத்தனை தடவை அடித்தாலும் அந்தப் பெண் குரல்தான் பேசுகிறது. போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானே உன் சிநேகிதன், அவனிடம் மூன்று முறை போனேன். மூன்றாம் முறை கடை வாசலிலேயே அழுதுவிட்டேன். அப்புறம்தான் இந்த விலாசத்தை எழுதிக் கொடுத்தான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே. விலாசம் என்னிடம் இருப்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கும் சொல்லவில்லை.

உன் மருமகள் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் பாதி வார்த்தை காற்றாக வருகிறது. மாமா எப்போது வரும் என்று அந்தக் காற்றோடுதான் கேட்கிறாள். எனக்குத் தையல் வேலை வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் போன வாரம் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக் கையாகத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். என் நிலைமை அப்படி.

வேன் கிடைத்துவிட்டது, சின்னவா.

இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். முன்பெல்லாம் திருட்டு வண்டி கிடைத்தால் ஸ்டேஷன் வாசலில் நின்று, சீட்டுக்குள் செடி முளைத்த பிறகுதான் வெளியே தெரிய வருமாம். இப்போது அப்படி இல்லையாம். போலீஸ் ஒரு வண்டியை மீட்டால் அன்றைக்கே அதன் நம்பர், எங்கே கிடைத்தது, எந்த நிலையில் கிடைத்தது எல்லாவற்றையும் இன்சூரன்ஸ்காரர்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நஷ்ட ஈட்டுப் பணத்தை அவர்கள் நாலாவது மாதமே கொடுத்து, அது அப்படியே வண்டிக் கடனுக்குப் போய்விட்டதல்லவா? அதனால் வேன் இப்போது அவர்களுடையது. சொந்தக்காரர் என்று அவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். நம் வேன் கிடைத்துப் பதினோரு நாள் கழித்து எங்களுக்குத் தெரிந்தது இப்படித்தான்.

உன் அத்தானுக்கு அன்று வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வந்தவரை உட்காரவைத்து, என்னைக் காபி போடச் சொல்லிவிட்டு, சீட்டெல்லாம் கிழியாமல் இருக்கிறதா, பின்கதவுத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு பிள்ளைகளை ஏழு வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன வண்டி. "அது ஓடாட்டியும் பரவால்ல சார், ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்றார். நோயாளியைப் பார்க்கப் போகிற மாதிரி.

வந்தவர் காபியைத் தொடவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார். போலீஸ் அனுப்பிய விவரத்தோடு வந்த போட்டோ. வெளியூரில் கூரை ஓடு அடுக்கிவைக்கும் ஒரு கிடங்குக்குப் பின்னால் வேன் நின்றிருக்கிறது. கண்ணாடி உடையவில்லை. பூட்டில் ஒரு கீறல் இல்லை. சாவி அதன் இடத்தில் தொங்குகிறது. கம்பெனி கொடுத்த அசல் சாவி. அதில் நீலக் கயிறு.

அந்தக் கயிறு என் தையல் பெட்டிக் கயிறு. முடிச்சும் என் முடிச்சு.

நீ என்னிடம் அந்தச் சாவியைக் கேட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. அறையைக் காலி செய்து சாமான் ஏற்ற வேண்டும், அத்தானிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஞாயிறு ஒருநாள் போதும் என்றாய். பட்டன் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை, டப்பாவிலேயே போட்டுவிட்டேன் அக்கா என்றாய். புதன்கிழமை வேன் போய்விட்டது. வெள்ளிக்கிழமை உனக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டி ஒவ்வொரு பட்டனாகத் தள்ளித் தேடினேன். அப்போது எனக்கு என்ன தோன்றியதோ அதை நான் தோன்றவிடவில்லை.

இன்சூரன்ஸில் இரண்டு சாவியையும் கேட்டார்கள். இரண்டாவது சாவி போன வருஷமே தொலைந்துவிட்டது என்று நான்தான் அத்தானிடம் சொன்னேன். என் வாயிலிருந்து வந்ததால் அவர் மறுபேச்சுப் பேசாமல் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதமும் அன்று போட்டோவுக்குப் பக்கத்தில் இருந்தது. தொலைந்த சாவி வண்டியிலேயே எப்படித் தொங்குகிறது என்று வந்தவர் மெதுவாகத்தான் கேட்டார்.

உன் அத்தான் போட்டோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ, அதை அவர் படித்துவிட்டார்.

"சாவி எங்கிட்டதான் இருந்துச்சு சார். இவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

அவ்வளவுதான். வந்தவர் போன பிறகு, நடந்தது என்ன என்று உன் அத்தான் என்னிடம் கேட்கவில்லை. ஆறிப்போன காபியை எடுத்துத் தானே குடித்தார். சாயங்காலம் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, "சின்னவன்கிட்டேருந்து ஏதாவது தகவல் உண்டா?" என்றார். நீ போன ஏழு மாதத்தில் உன்னைப் பற்றி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. இல்லை என்றேன். சரி என்று பின்னலைக் கட்டி முடித்தார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதை நான் இந்த மூன்று வாரமாகப் பார்க்கிறேன். இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போனால், போலீஸ் கொடுத்த தகவலை வைத்துத்தான் நாங்கள் பேசுகிறோம் என்கிறார்கள். ஸ்டேஷனுக்குப் போனால், நாங்கள் கிடைத்த நிலையைத்தான் எழுதி அனுப்பினோம், வண்டியை ஒளித்துவைத்துப் பணம் வாங்கிய மோசடி என்று புகார் கொடுத்தது இன்சூரன்ஸ் கம்பெனி என்கிறார்கள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். யார்மேலும் கோபப்படக்கூட வழியில்லை. அவர்கள் எழுதியதில் ஒரு பொய் கிடையாதே. பொய் எழுதியது நம் வீட்டில்தான்.

விஷயம் தெருவுக்கும் வந்துவிட்டது. ஹாரன் மாமா, ஹாரன் மாமா என்று இவரிடம் ஓடிவந்த பிள்ளைகளை இப்போது அவரவர் அம்மா கையைப் பிடித்து அந்தப் பக்கமாக அழைத்துப் போகிறார்கள். ரொட்டிக் கடை முதலாளி, இவர் இப்போது ஓட்டுகிற டெலிவரி வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, விவகாரம் முடிந்து வாங்க, உங்க இடம் உங்களுக்குத்தான் என்றாராம். நல்ல மனிதர். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டார்.

போன செவ்வாய்க்கிழமை நான் தனியாக ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து வரிவரியாக மனப்பாடம் செய்துகொண்டேன். பின்பக்கத்து மைதானத்தில் நம் வேன் நிற்கிறது. டயரில் காற்று இல்லை. மேலே சுண்ணாம்பால் ஒரு நம்பர் எழுதியிருக்கிறார்கள். உள்ளே ஸ்டேஷன் எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, "சொல்லும்மா, என்ன விஷயம்?" என்றார். அப்பா போன அன்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாயே, அந்த ஆறு வயதுப் பையன் முகம் கண் முன்னால் வந்து நின்றது. வண்டியில் என் மகளுடைய தண்ணீர் பாட்டில் இருக்கிறது, அதைத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் பாவம், பட்டியலை எடுத்துப் பொறுமையாகத் தேடினார். மழைக்கோட்டு ஒன்று, குடை ஒன்று, பச்சை பாட்டில் ஒன்று. எல்லாம் இருக்கிறது, ஆனால் கேஸ் முடியும்வரை எதையும் தர முடியாது என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அத்தானை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று உள்ளே வைத்தாலும் வைத்துவிடுவார்கள், கையெழுத்தும் இவருடையது, ஒப்புக்கொண்டதும் இவர் என்று வக்கீல் சொல்லிவிட்டார். நேற்று இவர் கேஸ் சிலிண்டரை எப்படி மாற்றுவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பத்து வருஷத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை. இறுக்கமான பின்கதவை எப்படி உதைத்துச் சாத்துவது என்று மகளுக்குக் காட்டினார். அவள் விளையாட்டு என்று நினைத்துப் பத்துத் தடவை உதைத்தாள். இரண்டு சட்டையும் ஒரு துண்டும் மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் வாயைத் திறந்தால் உன்னைக் கொடுத்துவிடுவேன். மூடிக்கொண்டிருந்தால் அவரைக் கொடுத்துவிடுவேன். நேற்று ராத்திரி சொல்லியே விட்டேன், நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று. "நீ சொல்லக் கூடாது. அவனா வந்து சொன்னா அது வேற" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஏன் செய்தாய், யாரோடு சேர்ந்து செய்தாய் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டாம். வா என்று எழுத என் கை வரவில்லை. வராதே என்று எழுதவும் வரவில்லை. அந்த எழுத்தர் காலை எட்டு மணிக்கே வந்துவிடுகிறார். அதட்டுகிறவர் இல்லை. சொல்வதைக் கடைசிவரை கேட்கிறார். உன் ஊரிலிருந்து புதன்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு பஸ் புறப்பட்டு, விடியற்காலையில் இங்கே வருகிறதாம். சும்மாதான் விசாரித்து வைத்தேன்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. பயணம் ஏதாவது வந்தால் வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதே, உனக்கு ஒத்துக்கொள்ளாது.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த அக்கா