கொட்டகலை ரோட்டில் என் வண்டிக்கும் ஓர் இடம்

அண்ணே,

இன்று காலை கொட்டகலைக்குப் போகும் வழியில், தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று இறக்கத்தில் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றது. சூடேறிய பிரேக்கின் கருகல் வாசமும் மழையில் நனைந்த பச்சைக் கொழுந்தின் வாசமும் சேர்ந்தே வந்தன. அந்த இரண்டும் கலந்த வாசம் எனக்கு எப்போதும் கொழுந்து லொறி ஓட்டிய உங்கள் வாசம்தான். லொறி போன பிறகும் நான் கொஞ்ச நேரம் வண்டியை ரோட்டோரத்திலேயே நிறுத்திவைத்திருந்தேன்.

நீங்கள் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. நான் இப்போது பேட்டரியில் ஓடும் வண்டி வைத்திருக்கிறேன். என் கூடப்பிறந்த அண்ணனின் மகள் கொழும்பிலிருந்து அனுப்பியது. நீங்கள் இருந்திருந்தால் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முதலில் பிரேக் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்டது எழுபதுகளின் கடைசியில். எனக்கு இருபத்திரண்டு வயது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்துக்குப் பிறகு என் கால்களில் பலமில்லை. அதுவரை தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பராவும் அதன் வாசலும்தான் என் உலகம். அந்த வருடம் மாதா கோயில் பாதர் யாரிடமோ சொல்லி ஒரு மூன்று சக்கர வண்டியை வரவழைத்துக் கொடுத்தார். சைக்கிள் பெடல் போன்ற ஒன்று நெஞ்சுக்கு நேராக இருக்கும். அதைக் கையால் சுற்றினால் சங்கிலி இழுக்க, வண்டி ஓடும். அதே கைகளால்தான் திருப்ப வேண்டும், அதே கைகளால்தான் பிரேக் பிடிக்கவும் வேண்டும். எங்கள் லயம் தார் ரோட்டை ஒட்டி இருந்ததால், ஒன்றரை மைல் தூரத்திலிருந்த கொட்டகலைக் கடைத்தெருவுக்கு என்னால் தனியாகப் போக முடிந்தது. அங்கே ஒரு தையல் கடையில் வேலையும் கிடைத்தது. கை மெஷினில் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்தேன். விடியற்காலையில் பெயர் பதியப் பெரட்டுக்குப் போகும் தோட்டத்துப் பெண்களுக்கு முன்னாலேயே தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டு நான் வேலைக்குக் கிளம்பிய அந்த முதல் நாளை இன்றைக்கும் மறக்கவில்லை.

ரோட்டில் என்னைக் கண்டால் எல்லா டிரைவர்மாரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். பின்னால் வந்து, நீட்டி ஹோன் அடித்தார்கள். நீங்களும் அதைத்தான் செய்தீர்கள்.

ஆடி மாதம். மலையிலிருந்து இறங்கிய பனிப்புகார் ரோட்டை மூடியிருந்தது. வளைவைத் தாண்டிச் சின்னப் பாலத்துக்கு வரும்போது என் முதுகுக்குப் பின்னால் உங்கள் ஹோன் அலறியது. திடுக்கிட்டதில் கை துள்ளியது; கை துள்ளினால் வண்டியும் துள்ளும். இடது சக்கரம் தார் விளிம்பை விட்டு இறங்கியது. அடுத்த கணம் நான் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் கிடந்தேன், என் மேல் வண்டி கிடந்தது. ஓடுகிற தண்ணீரில் என் சாப்பாட்டுப் பெட்டி மிதந்து போனதைப் பார்த்தேன்.

நீங்கள் லொறியை நிறுத்தி இறங்கி வந்தீர்கள். வந்ததும் ஏசினீர்கள்.

“ஏம்மா, இது ரோட்டா, ஓ வீட்டு வாசலா? ஹோன் அடிக்கிறது காதுல விழலயா?”

“விழுந்ததாலதான் நானும் விழுந்தேன்,” என்றேன்.

நீங்கள் என் கையைப் பிடித்து இழுக்க வந்தீர்கள். “கையை விடுங்க. மொதல்ல வண்டியத் தூக்குங்க,” என்றேன். அப்போதுதான் என் கால்களைக் கவனித்தீர்கள் போலிருக்கிறது. வண்டியைத் தூக்கினீர்கள், பிறகு என்னைத் தூக்கி லொறியின் முன் சீட்டில் உட்கார வைத்தீர்கள். வண்டியைக் கொழுந்துச் சாக்குகளின் மேல் ஏற்றிக்கொண்டு லயத்து வாசலில் கொண்டுவந்து விட்டீர்கள். என் மணிக்கட்டு வீங்கியிருந்தது. வண்டியின் சக்கரம் எட்டுப் போல வளைந்திருந்தது.

அன்று சாயங்காலமே செய்தி தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் ஐயா என் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். “இனி அந்த வண்டிய மெயின் ரோட்டுல கண்டா ஆபீசுக்குத் தூக்கிட்டு வந்துருவேன். நாளைக்கு ஒண்ணு நடந்தா யாரு பொறுப்பு?” என்றாராம். அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். கிளாக்கர் சொல்லுக்கு அவரால் மறுசொல் சொல்ல முடியாது. வண்டியைக் காம்பராவுக்குப் பின்னால் படங்குத் துணி போட்டு மூடிவிட்டார். தையல் கடை முதலாளி இரண்டு வாரம் பார்ப்பதாகவும், அதற்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்றும் சொல்லியனுப்பினார். மணிக்கட்டு வலிக்காக நான் அழவில்லை. இதற்காக அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தீர்கள். விழுந்த அன்றே கழற்றிக்கொண்டு போயிருந்த வளைந்த சக்கரத்தை ஹட்டனில் யாரிடமோ கொடுத்து நேராக்கிக் கொண்டுவந்து மாட்டினீர்கள். அம்மா பிளேன்டீ கொடுத்தார். நீங்கள் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டீர்கள்.

“கிளாக்கர் ஐயாகிட்ட நான் பேசுறேன் தங்கச்சி. இனிமே பாத்து ஓட்டுறேன்னு சொல்றேன்.”

“பாத்துன்னா எப்புடி அண்ணே? அன்னைக்கும் என்னயப் பாத்தீங்கதானே. பாத்ததாலதானே ஹோன் அடிச்சீங்க?”

நீங்கள் கோப்பையைக் கீழே வைத்தீர்கள். “அப்ப என்னதான் செய்யச் சொல்ற?”

“ஏறிப் பாருங்க,” என்றேன்.

ஆறடி உயரமான நீங்கள் அந்த வண்டியில் உட்கார்ந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முழங்கால் இரண்டும் தாடையில் இடித்தன. காலை ஊன்றக்கூடாது என்று அம்மாவின் பழைய சேலைத் துணியால் கால்களைக் கட்டிவிடச் சொன்னேன். தயங்காமல் கட்டவிட்டீர்கள். லயத்துப் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க, பெடலைச் சுற்றிக்கொண்டு தார் ரோட்டுக்கு ஏறினீர்கள். நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு யார் தூரம் போயிருக்கமாட்டீர்கள். தலவாக்கலைப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று உங்கள் முதுகில் ஹோன் அடித்தது. வண்டி கோணிக்கொண்டு கானை நோக்கிப் போனதைக் கண்டேன். விளிம்பில் எப்படியோ நிறுத்திவிட்டீர்கள்.

திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. தண்ணீர் கேட்டுக் குடித்தீர்கள். கால்கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னீர்கள்:

“லொறியில இருந்து பாத்தா அந்த ஓரமும் ரோட்டு மாதிரித்தான் தெரியும். இவ்வளவு பள்ளமுன்னு எனக்குத் தெரியாது. பஸ்ஸுச் சக்கரம் என் தலை ஒசரத்துக்குப் போகுது.”

அதற்குப் பிறகுதான் நாம் சரியாகப் பேசினோம். பின்னால் வரும்போது தூரத்திலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும், ஹோன் வேண்டுமென்றால் அங்கேயே மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் போதும், கிட்டே வந்து அலறவிடக் கூடாது என்றேன். வளைவில் முந்தாமல் நேர் ரோட்டு வரும்வரை பொறுக்கச் சொன்னேன். முந்தும்போது ஓர் ஆள் நடந்துபோகிற அளவு இடம் விடச் சொன்னேன். நீங்களும் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. “புகாருல நீ எங்களுக்குத் தெரியணுமே,” என்றீர்கள். மூங்கில் குச்சியில் சிவப்புத் துணி கட்டி வண்டிக்குப் பின்னால் நட்டது அன்றுதான். லொறியிலிருந்து கழற்றிய பழைய கண்ணாடி ஒன்றைக் கைப்பிடியில் கம்பியால் கட்டினீர்கள். வளைவுக்கு முன்னால் அகலமான இடம் இருந்தால் ஒதுங்கி நின்று வாகனங்களை விட்டுவிட்டுப் போவதாக நானும் ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் கிளாக்கர் ஐயாவிடம் நானே போனேன். அம்மா பயத்தில் வரவில்லை. நீங்கள் கூட வந்தீர்கள். அவர் அதே கேள்வியைக் கேட்டார். “யாரு பொறுப்பு?”

“என் கைக்கு நான் பொறுப்புங்க ஐயா,” என்றேன். “நான் ஓரமாப் போவேன், நிதானமாப் போவேன். மத்ததுக்கு ஓட்டுறவங்கதான் பொறுப்பு. அவங்க பிழைக்கு என்னய வீட்டுல பூட்டி வைக்காதீங்க.”

அவருக்குக் கோபம் வந்தது தெரிந்தது. நீங்கள் தொப்பியைக் கையில் பிடித்தபடி சொன்னீர்கள்: “அது சரிதானுங்க ஐயா. அன்னைக்குப் பிழை என் பேருல. பிரேக் போட்டிருக்கலாம். கொழுந்தோட தேயிலை ஸ்டோருக்கு நேரத்துக்குப் போகணும்ங்கிற அவசரத்துல போடல. அந்தப் புள்ளதான் ஒதுங்கணும்னு நெனச்சேன்.”

ஓர் அதிகாரியின் முன்னால், வேலை போகக்கூடிய ஒரு வார்த்தையை, யாரும் கேட்காமல் ஒருவர் சொன்னதை அன்றுதான் நான் முதன்முதலில் கேட்டேன். எனக்கும் அது அதுவரை தெரியாது. பிரேக் போட நேரமில்லாமல்தான் ஹோன் அடித்தீர்கள் என்று நினைத்திருந்தேன். நேரம் இருந்தும் வேண்டுமென்றே போடாமல் வந்திருக்கிறீர்கள். ஓரிரு நாள் உங்கள் மேல் புதிதாக ஒரு கோபம் இருந்தது. பிறகு, இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே இந்த மனுசர் என்று தோன்றியபோது கோபம் இறங்கிவிட்டது.

கிளாக்கர் ஐயா மேசையில் பென்சிலைத் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், “ஒரு மாசம் பாப்போம்,” என்றார். அந்த மாதம் முடிந்ததா இல்லையா என்று அவர் பிறகு கேட்கவேயில்லை.

உங்கள் வேலை அதோடு முடியவில்லை. கொட்டகலையில் டிரைவர்மார் கூடும் தேத்தண்ணிக் கடையில் இதையே பேசினீர்கள். பேச்சில் அசையாதவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லயத்துக்குக் கூட்டிவந்து வண்டியில் ஏற்றினீர்கள். ஒரு பஸ் டிரைவர் கானுக்குள்ளேயே இறங்கிவிட்டார். சிங்களவர், நல்ல மனிதர். சேற்றோடு எழுந்து வந்து அம்மாவிடம் இன்னொரு கோப்பைத் தேத்தண்ணி கேட்டுக் குடித்தார். அதற்குப் பிறகு அவருடைய பஸ் எனக்குப் பின்னால் வருகிறதென்று கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன், சத்தமே இருக்காது.

எல்லாரும் அப்படி மாறிவிடவில்லை. ஒருநாள் சாயங்காலம் ஏற்றத்தில் என் கை ஓய்ந்துபோனது. ஒதுங்கவும் இடமில்லை. நீங்கள் லொறியை என் பின்னால் நடை வேகத்தில் ஊரவிட்டு வந்தீர்கள். உங்களுக்குப் பின்னால் நாலைந்து வாகனங்கள் சேர்ந்துவிட்டன. காரில் வந்த ஒருவர் இறங்கிச் சத்தம் போட்டார். நீங்கள் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில், “கலபல வென்ன எப்பா, மாத்தயா,” என்றீர்கள். அவசரப்படாதீர்கள் ஐயா என்று, கடையில் பேசுகிற அதே குரலில். கொழுந்து எடுத்துவிட்டு வந்த இரண்டு பெண்கள் கூடையோடு என் வண்டியைத் தள்ளினார்கள். மேட்டுக்கு வந்து நான் ஒதுங்கியதும் எல்லோரும் போனார்கள். அந்தக் காரும் மெதுவாகத்தான் போனது.

நான் அந்தத் தையல் கடையில் பதினோரு வருடம் வேலை செய்தேன். பிறகு அதே தெருவில் சொந்தமாக ஒரு கடை போட்டேன். நீங்கள் கண் பார்வை மங்கி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லொறியை விட்டுவிட்டுக் கந்தப்பளைக்கு மகள் வீட்டுக்குப் போனீர்கள். போவதற்கு முன் கடைக்கு வந்தீர்கள். அன்று நாம் ஒரு விஷயத்தில் தர்க்கப்பட்டோம்.

“வழி விட்டவனுக்குக் கையத் தூக்கு தங்கச்சி,” என்றீர்கள்.

“எதுக்கு? வழி விடுறது அவங்க கடமை. அதுக்கு நான் நன்றி சொல்லிக்கிட்டுத் திரியணுமா?”

“நன்றி இல்லம்மா. ஒன்னயப் பாத்துட்டேன்னு சொல்றது. டிரைவரையும் யாரும் பாக்கிறதில்ல. லொறியத்தான் பாக்குறாங்க.”

நான் அன்று ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் தவறிய செய்தியோடு உங்கள் மகளின் கடிதம் வந்த நாளில் கந்தப்பளைக்கு வரவும் என்னால் முடியவில்லை. என்னையும் வண்டியையும் சேர்த்து ஏற்றுகிற பஸ் அப்போதும் இல்லை. அன்று கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில், எதிரே ஒரு லொறி எனக்காக வேகத்தைக் குறைத்தது. கை தானாக உயர்ந்தது. ஓட்டி வந்தவர் யாரென்று தெரியாது. அவரும் கையைத் தூக்கினார்.

அன்றிலிருந்து அதை விடவில்லை. இப்போது இந்த ரோட்டில் நான் மட்டுமில்லை, அண்ணே. ஒரு காலை இழந்த ஒருவர் றொசல்லவிலிருந்து இதே மாதிரி வண்டியில் வருகிறார், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ஒரு பெண் வருகிறார். போன வாரம் அந்தப் பெண் என்னிடம் கேட்டார், “அக்கா, நீங்க ஏன் எல்லா டிரைவருக்கும் கை காட்டுறீங்க?” என்று. உங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பேச்சு முடியும்போது எங்களுடைய இரண்டு வண்டிகளும் கடைத்தெருவுக்கே வந்துவிட்டன.